நின்றுபோன காரும் என் இடது காலும்

சரியாகக் காலை ஏழு மணி நாற்பத்தெட்டு நிமிடம். கார் வாங்கிப் பத்தொன்பதாவது நாள். முன்பலகையில் பச்சையாக ஒளிர்ந்த கடிகாரத்தில் நேரத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் சத்தம் அடங்கியது. ஏ.சி. காற்றும் அடங்கியது. பக்கத்து இருக்கையில் மகள் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்த சமூக அறிவியல் பாடம் பாதி வரியில் நின்றது. காரின் முன்சக்கரங்கள் தண்டவாளத்தைத் தாண்டியிருந்தன. பின்சக்கரங்கள் தாண்டவில்லை.

திருவொற்றியூரில் ரயில் பாதைக்கு மேற்கே எங்கள் வீடு. நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளி ராயபுரத்தில். மகளும் அங்கேதான் பத்தாம் வகுப்பு. தினமும் அந்த ரயில்வே கேட்டைத் தாண்டாமல் எங்களுக்கு விடிவதில்லை. அன்று சரக்கு ரயில் ஒன்று நெடுநேரம் நகர்ந்து போன பிறகு கேட் திறந்தது. இருபது நிமிடம் காத்திருந்த சைக்கிள், லாரி, ஆட்டோ எல்லாம் ஒரே நேரத்தில் புகுந்தன. நானும் புகுந்தேன். சரியாகத் தண்டவாளத்தின் மேடுபள்ளத்தில் கார் செத்தது.

சாவியைத் திருகினேன். கர் கர் என்று இருமிவிட்டு அடங்கிவிட்டது. ஒரு தாய் அந்த நேரத்தில் என்னென்ன செய்ய வேண்டுமோ அதில் ஒன்றையும் நான் செய்யவில்லை. கிளட்சை மிதித்தபடி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“யக்கா! கியர எட்த்து நூட்ரல்ல வுடுக்கா!”

“இன்னாமா, தண்டவாளத்துல பார்க்கிங் போட்டுகினு கீற?”

“புது வண்டிடா மாமு, மாலகூட காயல பாரு!”

கேட்காரர் தன் அறையிலிருந்து இறங்கி வந்து, “அடுத்த ரயிலு எண்ணூர்லயே கீதும்மா, பேஜாராவாத. ஏய், நாலு பேர் கை வைங்கப்பா” என்றார். நான்கு பேர் இல்லை, பத்துப் பேர் கை வைத்தார்கள். ஒருவர் தலையிலிருந்த மீன்கூடையை இறக்காமலே ஒரு கையால் தள்ளினார். மறுபக்கம் ஓரமாக நிறுத்திவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருகினால், எதுவுமே நடக்காதது போலக் கார் கிளம்பியது.

எந்தக் கதைப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுகிற ஆள் நான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் முதல் பக்கத்துக்குப் போவேன். படுக்கப் போகும் முன் கேஸ் அடுப்பின் குமிழை மூன்று முறை தொட்டுப் பார்க்கிற ஆள் வேறு எப்படி இருப்பாள்? என்னைப் போன்றவர்களுக்காக இப்போதே சொல்லிவிடுகிறேன். மகள் நன்றாக இருக்கிறாள். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. கம்பெனி அந்தக் காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு கார் கொடுத்தது. அது எங்கேயும் நிற்கவில்லை. ஆகையால் பயப்படாமல் படிக்கலாம். நான்தான் இன்றைக்கும் தண்டவாளத்தின் மேல் ஏறும்போது மூச்சை நிறுத்திக்கொள்கிறேன், அடுத்தவர் ஓட்டும் ஆட்டோவில் போனாலும்.

கார் எங்களுக்கு ஆடம்பரமாக வரவில்லை. மகளுக்கு வீசிங். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றடிக்கும் நாட்களில், அழுகிய முட்டை போல ஒரு வாடை ஜன்னலைத் தட்டும். அன்று முழுக்க அவள் தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சு விடுவாள். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் டேங்கர் லாரிகளின் புகைக்குள்ளேயே ஒரு மணி நேரம். “கண்ணாடிய மூடிட்டுப் போற வண்டியா பாருங்க” என்று டாக்டர் சொன்னதை நான் ஒரு மருந்துச் சீட்டாகவே எடுத்துக்கொண்டேன். என் கணவருக்குத் துறைமுகத்தில் கிரேன் இயக்கும் வேலை, ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே நான்தான் ஓட்ட வேண்டும். நாற்பத்து மூன்று வயதில், பக்கத்து டோல்கேட் பகுதியில் இருந்த டிரைவிங் ஸ்கூலில், என் பழைய மாணவிகள் சாலையோரம் நின்று கைதட்ட, கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பதினெட்டு நாட்கள் எவ்வளவு நன்றாக இருந்தன என்பதையும் எழுத வேண்டும். வீட்டில் அவளுக்கும் எனக்கும் பேச நேரமே இருந்ததில்லை. காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் நாற்பது நிமிடம் எங்கள் இருவருக்கே. இட்லியை மிளகாய்ப்பொடியில் தொட்டு, ஒரு விள்ளல் எனக்கு, ஒரு விள்ளல் தனக்கு என்று ஊட்டிக்கொண்டே வருவாள். யார் யாரோடு சண்டை, எந்த டீச்சர் புடவையில் பவுடர் கொட்டியிருந்தது எல்லாம் வரும். அந்த டீச்சர் நான்தான் என்று சில நாள் கடைசியில் தெரியும்.

இரண்டாவது முறை கார் நின்றது தண்டையார்பேட்டையில், கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே. மூன்றாவது முறை மறுபடியும் ரயில்வே கேட்டில். நல்ல வேளையாகத் தண்டவாளத்துக்கு முன்னால். ஒவ்வொரு முறையும் பத்து, பதினைந்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். ஒவ்வொரு முறையும் நகரத்தின் மறுகோடியில், மரங்கள் நிழல் தரும் அகலமான சாலையில் இருந்த சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போவோம். அங்கே டை கட்டிய மேற்பார்வையாளர் ஒருவர், என் வயதில் பாதி இருப்பார், மிகவும் மரியாதையாகப் பேசுவார்.

“ரெண்டு நாள் ட்ரையல் பார்த்தோம் மேடம். வண்டி சும்மா பறக்குது. ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்ல.”

“அன்னிக்கு நின்னுடுச்சே?”

“மேடம் எத்தனை வருஷமா ஓட்டறீங்க?”

“இப்பதான்... மூணு மாசம்.”

அவர் சிரிக்க மாட்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும். “கிளட்ச்ச கொஞ்சம் சீக்கிரம் விடறீங்கன்னு நினைக்கிறேன். லேடீஸ் நிறைய பேர் அப்படித்தான். பழகிடும்” என்பார்.

பேட்டரி மாற்றினார்கள். பெட்ரோல் டாங்கைக் கழுவினார்கள். ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். கடைசியில் காரைக் கொடுக்கும்போது ஒரு சீட்டை நீட்டுவார்கள். அதில் வாடிக்கையாளர் கருத்து என்று ஒரு கட்டம். அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால்தான் வாசல் காவலர் காரை வெளியே விடுவார். நான் கைப்பையிலிருந்து பேனாவை எடுப்பேன். டீச்சர் கைப்பையில் வேறென்ன பேனா இருக்கும்? சிவப்புப் பேனாவால் ‘நன்று’ என்று எழுதி, கீழே தேதி போட்டுக் கையெழுத்திடுவேன். இருபது வருடமாக, தினமும் ஐம்பது அறுபது நோட்டுகளில் அப்படி எழுதிய கை. ஒரு கட்டத்தைக் கண்டால் தானாகவே போய் எழுதிவிடும். ஏழு முறை போனோம். ஏழு ‘நன்று’.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் ஓட்டுவார். மெரினா வரை போய் வருவோம். ஒரு தடவைகூட நிற்காது.

“எனுக்கு நிக்கல பாரு” என்பார் அவர். குத்திக்காட்டிச் சொல்ல மாட்டார். ஆறுதல் போலத்தான் சொல்வார். “நீ பயந்துகினே ஓட்ற. பயந்தா கால் நடுங்கும். கிரேன்ல புதுசா வர்ற பசங்களுக்கும் அப்டிதான் ஆவும்.”

நானும் நம்பத் தொடங்கினேன். வகுப்பில் கரும்பலகைக்கு முன் நின்று பாடம் நடத்தும்போதே மேசைக்குக் கீழே இடது காலை மெல்லத் தூக்கி, மெல்ல இறக்கிப் பழகுவேன். வீட்டில் காய் நறுக்கும்போதும் பழகுவேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: என் மகளைத் தண்டவாளத்தின் மேல் நிறுத்தியது காரா, என் காலா? கால்தான் என்றால் நான் இனிமேல் அவளை ஏற்றிக்கொண்டு ஓட்டக் கூடாது. அவள் மறுபடி புகைக்குள் போக வேண்டும்.

ஒரு நாள் டோல்கேட் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது, படிக்கும் சத்தம் கேட்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவள் என் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் சட்டென்று பக்கத்தைப் புரட்டினாள். அன்று மாலை நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். காரைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டேன்.

அந்த வாரம் அமெரிக்காவில் இருந்த என் கொழுந்தனார் போன் செய்தார். விஷயத்தைக் கேட்டதும், “அண்ணி, உங்க கார் லெமன் அண்ணி” என்றார்.

“வச்சோம்பா. நாலு சக்கரத்துக்கும் வச்சுத்தான் ஏத்தினோம்” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். போன் கட்டணத்தை நினைத்து எனக்குத்தான் பதறியது. புதுக் கார் திரும்பத் திரும்ப ஒரே பழுதைக் காட்டினால் அங்கே அதற்கு எலுமிச்சம்பழம் என்று பெயராம். இத்தனை முறை பழுது பார்த்தும் தீரவில்லை என்றால் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். “உங்களுக்கு அங்க அதெல்லாம் இல்ல, பாவம்” என்றார்.

போனை வைத்துவிட்டு நான் கணவரிடம், வைத்த நான்கு பழத்தில் இடப்பக்கப் பின்சக்கரத்துப் பழம் நசுங்காமல் உருண்டு போனதைப் பற்றித் தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது.

“இங்கயும் இருக்குமா. அஞ்சு மார்க் கேள்வி.”

“எது?”

“நுகர்வோர் உரிமை. பாதுகாப்புப் பெறும் உரிமை, தகவல் அறியும் உரிமை, தேர்ந்தெடுக்கும் உரிமை, முறையிடும் உரிமை... மாவட்ட மன்றம், மாநில ஆணையம், தேசிய ஆணையம். வக்கீல் இல்லாமலே போலாம். வெள்ளைத் தாள்ல எழுதிக் குடுத்தா போதும். நீ தான நேத்து ஒப்பிக்கச் சொன்ன?”

நான்தான் சொல்லியிருந்தேன். தண்டவாளத்தின் மேல் கார் நின்றபோது அவள் பாதியில் நிறுத்தியது எந்த வரியோ எனக்கு நினைவில்லை. அந்தப் பாடத்தின் வரியாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

மன்றத்துக்குப் போவதற்கு முன் எனக்கு என் காலைப் பற்றித் தெரிய வேண்டியிருந்தது. தண்டையார்பேட்டையில் டிரெய்லர் லாரிகளுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவர் பெண்கள் மூன்று பேரும் என்னிடம் படித்தவர்கள். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டறை வாசலில் காரை நிறுத்தி, சர்வீஸ் சென்டர், கணவரின் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்தார்.

“தொறந்து பாருங்க பாய்.”

“தொட மாட்டேன் டீச்சரம்மா. வாரண்டில கீற வண்டி. நான் ஒரு ஸ்க்ரூ தொட்டேன்னு வைங்க, அதாலதான் கெட்டுச்சுன்னு உங்க தலைலயே கட்டிட்டு பூடுவானுங்கோ. அப்பாலிக்கா பேஜாரு.” பிறகு கேட்டார்: “எப்போ எப்போ மக்கர் பண்ணுது?”

“காலைல.”

“காலைலன்னா? எடுத்த ஒடனேவா?”

யோசித்தேன். எடுத்தவுடனே ஒரு நாளும் நின்றதில்லை. கேட் மூடியிருந்த நாட்கள். கன்டெய்னர் வரிசையில் மாட்டிய நாட்கள்.

“ஏ.சி. ஓடிகினு இருக்குமா? நின்னுகினே இருபது நிமிஷம், அரை அவர்?”

“ஆமாம்.”

“அப்றம் மெதுவா நவுரும்போது, பள்ளத்துல ஒரு ஆட்டம் ஆடிச்சுன்னா நிக்குது. ஆறினா ஓடுது.” அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. “ஹீட்டானாதான் மக்கர். உங்க ஊட்டுக்காரர் ஞாயித்துக்கெழம போறாரு. அன்னிக்கு கன்டெய்னர் ஏது? அந்த கம்பெனிக்காரன் ரோடு மைதானம் மாதிரி கீது. அங்க எப்டி ஹீட்டாவும்? இதுக்கு நம்ம ஏரியா ரோடுதான் வைத்தியம்.”

“அப்ப என் கால் இல்லையா பாய்?”

“கால் இன்னா பண்ணும்? ஆனா நான் சொன்னா யார் நம்புவாங்கோ? எழுதி வைங்க. எத்தினி மணிக்கு நின்னுச்சு, அதுக்கு மின்னாடி எத்தினி நிமிஷம் ஜாம்ல இருந்துச்சு, ஏ.சி. இருந்துச்சா. நோட்டு போட்டு எழுதுங்க. உங்களுக்கு நோட்டுக்கா பஞ்சம்?”

பஞ்சமில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு எழுதினேன். அடுத்த ஐந்து வாரத்தில் கார் ஆறு முறை நின்றது. மகள் அதில் இல்லை, அவளை ஆட்டோவில் அனுப்பிவிட்டு நான் மட்டும் ஓட்டினேன். ஆறு முறையும் பாய் சொன்ன கணக்கு தப்பவில்லை. நின்ற காருக்குள் உட்கார்ந்து நேரத்தைக் குறித்துக்கொள்ளும்போது, பின்னாலிருந்து ஹாரன் காதைக் கிழிக்கும்; எனக்கோ விடைத்தாளில் சரியான விடையைப் பார்த்தது போல இருக்கும்.

முதலில் கம்பெனிக்கும் விற்றவருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். அவர்கள் பதிலில் உத்தரவாதப் புத்தகத்தின் ஒரு வரியைக் காட்டினார்கள்: பழுதான பாகத்தை மாற்றித் தருவதே தங்கள் பொறுப்பு. எந்தப் பாகம் பழுது என்று அவர்கள் கண்டுபிடிக்காதவரை எதையும் மாற்ற வேண்டியதில்லை என்று அதற்குப் பொருள். பிறகுதான் வெள்ளைத் தாளில் எழுதி மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் கொடுத்தேன். பல மாதங்கள் வாய்தா. மகள் பத்தாம் வகுப்பு முடித்துப் பதினொன்றுக்குப் போய்விட்டாள்.

விசாரணை நாளில் கம்பெனி வக்கீல் ஒரு கட்டுச் சீட்டுகளைக் கையில் விசிறி போல விரித்துக்கொண்டு எழுந்தார்.

“இவை அனைத்தும் மனுதாரர் தம் கைப்பட எழுதியவை. ஏழு முறை வாகனத்தைப் பெற்றுக்கொண்டு ஏழு முறையும் ‘நன்று’ என்று எழுதியிருக்கிறார். அதுவும் சிவப்பு மையில். இப்போது குறை என்கிறார். வாகனத்தில் உற்பத்திக் குறைபாடு ஏதுமில்லை. ஓட்டத் தெரியாதவர் கிளட்சைத் தவறாகக் கையாள்வதே காரணம்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. தலைவராக உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு சீட்டை வாங்கி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“டீச்சராம்மா?”

“ஆமாங்க ஐயா.”

“தப்பா எழுதின பிள்ளைக்கும் நன்று போடுவீங்களா?”

“போடுவேன் ஐயா,” என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. “அடுத்த தடவையாவது சரியா செய்யட்டும்னு போடுவேன்.”

இந்த முறை சிரித்தது பின்வரிசை மட்டும் இல்லை. தலைவருக்குப் பக்கத்திலிருந்த பெண் உறுப்பினர் மட்டும் சிரிக்காமல் என் நாற்பது பக்க நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். “சர்வீஸ் சென்டர்ல ஒரு தடவைகூட நிக்கல. திருவொற்றியூர்லயும் தண்டையார்பேட்டைலயும் மட்டும் நிக்குது. ஒரு நிபுணரை விட்டு சோதனை பண்ணச் சொல்லலாம். எங்க வச்சுப் பண்ணணும்னு கேட்கறீங்க?” என்றார்.

வக்கீல் எழுந்து, எல்லா வசதியும் உள்ள தங்கள் பட்டறையிலேயே சோதிக்கலாம் என்றார்.

“எங்க ரோட்டுல, மேடம்” என்றேன். “காலைல ஏழரை மணிக்கு. எங்க ரோடு எப்படியோ அப்படி.”

அப்படியே உத்தரவானது. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரை நிபுணராக நியமித்தார்கள். முதல் தேதியில் மழை, அவர் வரவில்லை. இரண்டாவது தேதியில் அவருக்குக் காய்ச்சல். “கம்பெனிகிட்ட துட்டு வாங்கிட்டாரோ என்னவோ” என்று கணவர் முணுமுணுத்தார். நான் அந்த இரண்டு இரவும் கேஸ் குமிழை எத்தனை முறை தொட்டேன் என்று எண்ணவில்லை.

மூன்றாவது தேதியில், ஏழு இருபதுக்கு, எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்து இறங்கி, எங்கள் தெரு வரை நடந்தே வந்தார் அவர். ஒல்லியான மனிதர். கையில் மஞ்சள் பை, அதில் ஒரு குடை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு நீளமான நோட்டு. டை கட்டிய மேற்பார்வையாளர் முன்பே வந்து நின்றிருந்தார். நிபுணர் காப்பி வேண்டாம் என்றார். வேலை முடியும்வரை எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாராம்.

“நானே ஓட்டறேன். சார் பக்கத்துல உட்காரட்டும். அம்மா பின்னாடி. பொண்ணு எப்பவும் வருமா?”

“வரும் சார். ஆனா இப்ப...”

“அப்ப வரட்டும். எப்பவும் எப்படியோ அப்படி.”

மகள் ஏற்கனவே பையோடு ஏறி உட்கார்ந்திருந்தாள். நிபுணர் ஏ.சி. போட்டார். “இதைப் போடணுமா சார்?” என்றார் மேற்பார்வையாளர். “அந்தம்மா போடுவாங்க இல்ல?” என்றார் அவர்.

இத்தனை வருடத்தில் அன்று ஒரு நாள்தான், நாங்கள் போய்ச் சேரும்போது ரயில்வே கேட் ஆவென்று திறந்து கிடந்தது. கார் தண்டவாளத்தின் மேல் குலுங்கியபடி ஏறி இறங்கியது. நிற்கவில்லை. ஓடுகிற காரைப் பார்த்து, நின்று தொலை, நின்று தொலை என்று மனதுக்குள் கெஞ்சிய ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நெடுஞ்சாலையிலும் கார் ஒழுங்காகப் போனது. பின்னிருக்கையில் என் இடது கால் தன்பாட்டில் தரைவிரிப்பை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தது. மகள் தன் காலை என் கால் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

டோல்கேட்டுக்கு முன்னால் கன்டெய்னர் வரிசை தொடங்கியது. எங்களுக்கு முன்னால் ஒரு டிரெய்லர், பின்னால் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. சுவர்களுக்கு நடுவே நிற்பது போல நின்றோம். பத்து நிமிடம். இருபது நிமிடம். மேற்பார்வையாளர் டையைத் தளர்த்திக்கொண்டார். “தினமும் இப்படித்தானா மேடம்?” என்றார். இத்தனை நாளில் அவர் என்னிடம் கேட்ட கேள்விகளில், பதிலை உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டது அதுதான்.

“இன்னிக்குக் கம்மி” என்றாள் மகள்.

இருபத்தேழாவது நிமிடம் முன்னால் நின்ற டிரெய்லர் நகர்ந்தது. நிபுணர் நிதானமாகக் கியர் போட்டார். அவர் கிளட்சை விட்ட விதம் என் நினைவில் இருக்கிறது; உறங்கும் குழந்தையின் தலைக்குக் கீழிருந்து கையை எடுப்பது போல எடுத்தார். கார் பத்தடி நகர்ந்தது. சாலையில் ஒரு பள்ளம். ஒரு குலுக்கல்.

சத்தம் நின்றது. குளிர்ந்த காற்றும் நின்றது.

பின்னால் டிரெய்லரின் ஹாரன் அலறியது. கிளீனர் ஒருவர் குதித்து வந்து கண்ணாடியைத் தட்டினார். “இன்னா பெர்சு, தூங்கிட்டியா? பின்னாடி ஊரே நிக்கிது, பாத்துகினு கீறியே!”

நிபுணர் அவசரப்படவில்லை. சாவியைத் திருகினார், கர் கர் என்றது. கியரை நியூட்ரலுக்கு மாற்றி மறுபடி திருகினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் விளிம்பில் வைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்த மேற்பார்வையாளரைப் பார்த்தார்.

“என் ரெண்டு காலும் மேல இருக்கு சார். பாத்துக்குங்க. இப்ப நிக்கறதுக்கு எந்தக் காலைக் காரணம் சொல்லி எழுதட்டும்?”

நிபுணர் மஞ்சள் பையிலிருந்து நோட்டை எடுத்து, முழங்கால் மேலேயே வைத்து எழுதத் தொடங்கினார். இரண்டு வரி எழுதிவிட்டு, தலையைத் திருப்பாமல், கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“நீங்க நல்லாத்தான் ஓட்டியிருக்கீங்கம்மா. பொண்ணை அழைச்சிட்டுக் கிளம்புங்க, ஸ்கூலுக்கு நேரமாச்சு. வண்டிகிட்ட நாங்க இருக்கோம்.”